மடியிலிருந்து இறக்கிய முயல்

என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துபோன பிறகு, அவருடன் நாள் முழுக்கச் சலிக்காமல் இருந்தது எங்கள் முயல் ஒன்றுதான். மகள் கல்யாணமாகி சிங்கப்பூர் போனபோது விட்டுச்சென்ற சாம்பல் நிறப் பெண் முயல். இங்கே மலேசியாவில், மூவார் ஊரில் மேசை நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் மரம் இழைத்த மனிதர் அவர். பேச்சும் குழறிப்போயிருந்தது. சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, மடியில் இருக்கும் முயலை இடது கையால் தடவிக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் அவர் கைலி முழுக்க முடி. முயலுக்கு முடி உதிர்வது வழக்கம்தானே என்று தட்டிவிட்டேன். ஆனால் அது பின்னங்காலால் பிடரியைப் பிறாண்டுவது நிற்கவில்லை. முடியை விலக்கிப் பார்த்தேன். பிடரிக்குக் கீழே தோல் மொட்டையாகத் தெரிந்தது. சுற்றிலும் உமியைப் போல் பொடுகு. அவருடைய முன்கையிலும் சிவப்புத் தடிப்புகள்.

மகளுக்குப் போன் போட்டேன்.

"யாருக்காச்சும் குடுத்துருங்கம்மா. அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது."

"அப்பாகிட்ட நீயே சொல்லு" என்று போனை அவர் காதில் வைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "மாட்டேன்" என்றார். நோய் வந்ததிலிருந்து அவ்வளவு தெளிவான சொல்லை அவரிடம் நான் கேட்டதில்லை.

மிருக டாக்டர் ஒரு தமிழ்ப் பெண். முயலின் தோலில் டேப்பை ஒட்டி எடுத்து, பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார்.

"ஒரு சின்னப் பூச்சி ஆண்டி. காஞ்ச புல்லுலருந்து வந்திருக்கலாம். நம்மளயும் கடிக்கும், ஆனா நம்ம மேல தங்காது."

"வேப்பிலத் தண்ணியில குளிப்பாட்டவா?"

"ஐயோ, வேண்டாம் லா. பயத்துலயே செத்துப் போயிடும். நாய்க்குப் போடுற மருந்தும் போட்டுறாதீங்க, முயலுக்கு அது விஷம்."

பிடரியில் மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார். சில வாரம் விட்டு விட்டு மறுபடியும் போட வேண்டுமாம். "நான் சொல்ற வரைக்கும் அங்கிள் மடியில விடாதீங்க" என்றார்.

வீட்டுக்கு வந்து பழைய புல்லைத் தூக்கிப் போட்டேன். துணிகளையெல்லாம் வெந்நீரில் அலசினேன். முயலை அடுப்படியில் தடுப்புக்குள் வைத்தேன்.

"எங்க?" என்று அவர் தினமும் கேட்பார்.

"அடுப்படியில இருக்குங்க. மருந்து போட்டிருக்கு. கொஞ்ச நாள்தான்."

தலையாட்டுவார். சற்று நேரத்தில் இடது கை வெறும் மடியைத் தடவத் தொடங்கிவிடும். அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. நாற்காலியை அடுப்படி வாசலுக்குத் தள்ளிக்கொண்டுபோய் நிறுத்துவேன். முயல் தடுப்பின் மேல் முன்னங்காலை வைத்து எழும்பி நிற்கும். அவர் கையை நீட்டுவார்; எட்டாது. வேண்டுமென்றேதான் எட்டாத தூரத்தில் நிறுத்தியிருப்பேன்.

அரிப்பு முதலில் நின்றது. பிறகு மொட்டையான இடத்தில் பஞ்சு போல் முடி வந்தது. அவருடைய கைத் தடிப்புகளும் மறைந்தன. கடைசி முறை மருந்து போட்டாயிற்று. இனி டாக்டர் ஒரு தடவை பார்த்தால் போதும். அதற்குள் ஒரு காலையில், கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவருக்கு மறுபடியும் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரவில்லை.

கருமாதியெல்லாம் முடிந்து மகளும் சிங்கப்பூருக்குப் போன பிறகு முயலைக் கூடையில் வைத்துக் கிளினிக்குக்குக் கொண்டுபோனேன். டாக்டர் முடியை விலக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"சுத்தமா ஆறிடுச்சி ஆண்டி. இனிமே அங்கிள் மடியில வைக்கலாம்."

"சரி டாக்டர்" என்றேன். கூடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதேன்.

இப்போது தடுப்பு இல்லை. முயல் வீடு முழுக்கச் சுற்றுகிறது. மத்தியானங்களில் கூடத்துத் தரையில் சம்மணம் போட்டு, மடியை விரித்து வைத்து உட்காருகிறேன். பக்கத்தில் வந்து என் சேலையை முகர்ந்து பார்க்கும். பிறகு போய்விடும். நான் எழுந்திருப்பதில்லை.