அண்ணி தொட்டியில் இறங்கிய கதை

என் அண்ணியைப் பார்த்து யாராவது "பாவம், சாதுவான மனுஷி" என்று சொன்னால், அவர் அண்ணியைப் புகைப்படத்தில் மட்டும்தான் பார்த்திருக்கிறார் என்று அர்த்தம். அண்ணன் கல்யாணம் முடித்து அவரை வீட்டுக்கு அழைத்து வந்த முதல் வாரமே எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. அண்ணியும் நாத்தனாரும் எலியும் பூனையும் என்பார்கள். எங்கள் வீட்டில் எலி யார், பூனை யார் என்பது மட்டும் நாளுக்கு நாள் மாறும்.

போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. நான் மூன்றாம் மாடி வார்டில் ஆயா. அண்ணி கீழ்த்தளத்தில் சலவைக்கூடத்தில். நாலு பெரிய மெஷின், ஒரு உலர்த்தும் மெஷின், விரிப்புகளை உருளைக்குள் விட்டுத் தேய்க்கிற மெஷின் ஒன்று, நீளமான மடிப்பு மேசை. அங்கே போனால் காது அடைக்கும், உடம்பு வேகும். அந்தச் சத்தத்தையும் மீறிக் கத்திப் பழகிய தொண்டை அவருடையது. வீட்டில் உப்பு கேட்டால்கூட அடுத்த தெருவில் இருப்பவர் உப்போடு வருவார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு நோயாளியின் விரிப்பு முழுக்க ரத்தம். இவ்வளவு அசிங்கமாகக் கீழே அனுப்பினால் அண்ணி என்ன நினைப்பாரோ என்று கூச்சம். குளியலறையில் வெந்நீர் பிடித்து, சோப்பு போட்டு, முழங்கை வலிக்கத் தேய்த்து அனுப்பிவைத்தேன். அரைமணி நேரத்தில் லிஃப்ட் திறந்தது. ஈர விரிப்பைக் கையில் தூக்கிக்கொண்டு அண்ணி நின்றார்.

"யாரு இதை வெந்நீர்ல போட்டது?"

"நான்தான் அண்ணி. கறையோட அனுப்ப ஒரு மாதிரி இருந்துச்சு."

"ஒரு மாதிரி இருந்துச்சாம்! ரத்தத்துல வெந்நீர் பட்டா கறை துணியோட சேர்ந்து வெந்துரும். அப்புறம் எந்த மருந்து போட்டாலும் போகாது. இருக்கிறபடியே அனுப்பு. அதுக்குத்தானே கீழே நாங்க இருக்கோம்? துவைச்சுட்டு சலவைக்கு அனுப்புற ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்!"

வார்டே சிரித்தது. வயிற்றில் தையல் போட்டிருந்த ஒருவர், சிரிக்க முடியாமல் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டார். எனக்கு மானம் கப்பலேறியது. அன்று ராத்திரி சாப்பிடும்போது அண்ணியோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் அதைக் கவனிக்கவும் இல்லை, அது இன்னும் எரிச்சல்.

எங்கள் சபையில் வருடத்துக்கு இரண்டு முறை ஞானஸ்நானம் நடக்கும். மேடைக்குப் பின்னால் படியிறங்குகிற மாதிரி ஒரு தொட்டி. இறங்குகிறவர்களுக்கு உடுத்த வெள்ளை அங்கிகள். அந்த அங்கிகளைத் துவைத்து, வெளுத்து, சுருக்கமில்லாமல் தேய்த்துக் கொடுக்கிற வேலையை அண்ணியே கேட்டு வாங்கிக்கொண்டார். பதினெட்டு வருடம் செய்தார். யார் யாரோ அதை உடுத்தி இறங்கினார்கள். நான் இறங்கினேன், அண்ணன் இறங்கினார், எங்கள் பக்கத்து வீட்டுக் கோபக்காரத் தச்சர்கூட இறங்கினார். அண்ணி மட்டும் இறங்கவில்லை.

ஒவ்வொரு முறையும் பெயர் கொடுப்பார். நாள் நெருங்கியதும் போதகரிடம் போய், "ஐயா, நான் இன்னும் கொஞ்சம் சரியாகணும். அடுத்த தடவை பாக்கலாம்" என்பார். போதகர் எல்லோர் பெயரையும் பேனாவில் எழுதுவார். அண்ணி பெயரை மட்டும் பென்சிலில் எழுதப் பழகிவிட்டார்.

அண்ணன் கேலி செய்வார். "உங்க அண்ணி பரலோகத்துக்குப் போனாலும் வாசல்லயே நின்னுடுவா. தரை அழுக்காயிடும், காலைக் கழுவிட்டு வரேன்னு சொல்லுவா."

நாங்கள் சிரிப்போம். அண்ணியும் சிரிப்பார், ஆனால் அந்தச் சிரிப்பு தொண்டையோடு நின்றுவிடும். அது ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதகர் நன்றாகப் பேசினார். இந்த உலகத்தில் இருப்பதெல்லாம் துணி மாதிரி நைந்துபோகும், கடவுளுடைய நீதி மட்டும் நையவே நையாது என்றார். சபையே கை தட்டியது. நானும் தட்டினேன். பக்கத்தில் பார்த்தால் அண்ணி முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

மறுநாள் மதியம் அழுக்குத் துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு கீழே போனபோது, அண்ணி மடிப்பு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு டப்பா திறக்காமல் கிடந்தது. அண்ணி சாப்பாட்டைத் திறக்காமல் இருந்தால் விஷயம் பெரியது.

"நேத்து எல்லாரும் கை தட்டுனீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு" என்றார்.

"ஏன் அண்ணி? நல்ல வார்த்தைதானே?"

"துணி நைஞ்சா கிழிச்சுப் போட்டுடலாம். அதோட கறையும் போயிடும். அவர் நீதி நையவே நையாதுன்னா, நான் செஞ்சது அவர் கண்ணுக்கு இன்னும் புதுசாத்தானே தெரியும்?"

பிறகுதான் அந்தக் கதையைச் சொன்னார். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஆபரேஷன் தியேட்டருக்கென்று புதிதாக வந்த வெள்ளை விரிப்புகளோடு ஒரு சிவப்புப் போர்வையையும் சேர்த்து மெஷினில் போட்டுவிட்டார் அண்ணி. கவனக்குறைவுதான். வெளியே எடுத்தால் அறுபது விரிப்பும் இளஞ்சிவப்பு. ஆஸ்பத்திரி முழுக்கச் சிரிப்பு. மேலதிகாரிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "யார் மெஷினை நிரப்பியது?" என்று கேட்டார். அண்ணி அப்போது வேலைக்குப் புதிது. பக்கத்தில் மடிப்பு மேசையில் ஒரு பெண் இருந்தார். எல்லோரும் அவரை மடிப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அண்ணி அவரைக் கைகாட்டிவிட்டார். அவ்வளவுதான். அந்த வாரமே மடிப்பக்காவுக்கு வேலை போயிற்று.

"அவங்க வீடு எனக்குத் தெரியும். நாலு தடவை அந்தத் தெரு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். கதவைத் தட்ட தைரியம் இல்ல. அதைச் சரி பண்ணாம நான் எந்த முகத்தோட தொட்டியில இறங்குறது?"

அண்ணி அழுது நான் பார்த்தது அதுதான் முதல்முறை. எனக்கு அவர்மேல் பரிதாபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடம் இதை மனதில் வைத்துக்கொண்டு ஒருத்தி தனியாகப் புழுங்கியிருக்கிறாளே, கூடவே இருந்த நான் எருமை மாதிரி இருந்திருக்கிறேனே என்ற கோபம்.

"நல்லா இருக்கு அண்ணி நியாயம்! நான் கறையை அலசி அனுப்புனா வார்டு அதிரக் கத்துவீங்க. நீங்க மட்டும் பத்தொன்பது வருஷமா வெந்நீர் ஊத்தித் தேய்ச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. போச்சா கறை? போகலைல்ல?"

அண்ணி நிமிர்ந்து பார்த்தார். நான் விடவில்லை.

"இன்னொண்ணு கேக்கறேன். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னாடி நீங்க செஞ்சது நையாம புதுசா இருக்குன்னா, சிலுவையில உங்களுக்காக அவர் செஞ்சது மட்டும் நைஞ்சு போச்சா? எது உங்களுதோ அதை மட்டும் கெட்டின்னு நம்புறீங்க. எது அவரோடதோ அதை நம்ப மாட்டேங்கறீங்க. உங்களைக் காப்பாத்துறது நீங்க சரியானதா, அவர் சரியா இருக்கிறதா?"

நான் பெரிய ஞானி இல்லை. கோபத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். உலர்த்தும் மெஷின் மணி அடித்து நின்றது, அண்ணி எழுந்து போகவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தார். "நீயும் சாப்பிடு" என்று பாதியை என் பக்கம் தள்ளினார்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. ஞானஸ்நான நாள் வந்தது. இந்த முறை அண்ணி பெயர் கொடுக்கவில்லை. போதகரும் பென்சிலை எடுக்கவில்லை. ஒன்பது பேர் இறங்கப் போகிறார்கள், அண்ணி ஒன்பது அங்கி தேய்த்துக் கொடுத்திருந்தார். அதிகாலை ஷிஃப்ட் முடித்து நேராக வந்தவர், சேலைக்கு மேலே பச்சை நிற வேலைக்கோட்டைக்கூடக் கழற்றாமல் என் பக்கத்தில் உட்கார்ந்தார். கோட்டின் ஒரு பக்கம் முழுக்க நீலக் கறை.

ஒன்பதாவது ஆள் ஏறி வெளியே வந்தார். போதகர் தண்ணீரில் நின்றபடி முடிவு ஜெபத்துக்குக் கண்ணை மூடப் போனார். அண்ணி எழுந்தார்.

"ஐயா, நானும் வரேன்."

சபை முழுக்கத் திரும்பியது. போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "வாங்கம்மா, வாங்க. அங்கி?"

அண்ணி அப்படியே நின்றார். "அங்கி இல்லையே ஐயா. ஒன்பதுதான் கொண்டு வந்தேன்."

பதினெட்டு வருடம் ஊருக்கெல்லாம் அங்கி துவைத்தவருக்கு ஒரு அங்கி இல்லை. அடுத்த வார்த்தை என்னவென்று எனக்குத் தெரியும். 'அடுத்த தடவை பாக்கலாம்.' அது அவர் உதடு வரை வந்ததை என் கண்ணால் பார்த்தேன். அந்த வார்த்தை மட்டும் இன்று வரக்கூடாது ஆண்டவரே என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

அண்ணி குனிந்து தன் கோட்டைப் பார்த்தார். நீலக் கறையை ஒருமுறை கையால் தடவினார்.

"இப்படியே வரலாமா ஐயா?"

"இப்படியே வாங்கம்மா. தண்ணி வேற ஜில்லுன்னு இருக்கு, சீக்கிரம் வாங்க."

அண்ணி கொஞ்சம் பூசின உடம்பு. அவர் இறங்கியதும் தண்ணீர் விளிம்பைத் தாண்டி வழிந்து, பாட்டுக் குழுவில் கிடார் வாசிக்கிறவரின் செருப்பு மிதந்தது. போதகர் முக்கி எழுப்பினார். அண்ணி மூச்சு வாங்கிக்கொண்டு தண்ணீருக்கு மேலே வந்து, மெஷின்களுக்கு மேலே கத்துகிற அதே தொண்டையால் "அல்லேலூயா!" என்றார். முன்வரிசைக் குழந்தை ஒன்று பயந்து அழுதது. அண்ணன் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் ஆண்கள் பக்கத்திலிருந்து எனக்குக் கேட்டது. நான் என்ன செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பெஞ்சு மேல் ஏறி நின்று கை தட்டினேன். ஐம்பது வயதில் அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு வேறு எதிலும் வந்ததில்லை.

அடுத்த வாரம் முழுக்க அண்ணி சலவைக்கூடத்தில் பாடினார். வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரி மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். சிவப்புப் போர்வையைப் போட்டது நான், மடிப்பக்கா இல்லை என்று. இப்போதைய மேலதிகாரி வேறு ஆள். இரண்டு முறை படித்துவிட்டு, என்ன செய்வதென்று பிறகு சொல்கிறேன் என்றாராம். சனிக்கிழமை காலையில் கடிதத்தின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணி என் முன்னால் வந்து நின்றார்.

"கிளம்பு. மடிப்பக்கா வீட்டுக்குப் போறோம்."

"இப்பத்தான் எல்லாம் சரியாயிடுச்சே. இனிமே எதுக்கு அண்ணி? வேலை போனாலும் போயிடும்."

"சரியாயிட்டதாலதான் போறேன். முன்னாடி போயிருந்தா எனக்காகப் போயிருப்பேன். இது அவங்களுக்காக."

மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. அண்ணி கையிலிருந்த குடையை வாசல் ஓரம் சாய்த்துவைத்தார். மூச்சிரைக்கக் கதவைத் தட்டினோம். எழுபது வயதிருக்கும் ஒரு பெண் திறந்தார். அண்ணியைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. உள்ளே வா என்று சொல்லவில்லை. அண்ணி வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மழுப்பவில்லை.

"அந்த வருஷம் என் பொண்ணைப் படிப்புல இருந்து நிறுத்தினேன். தெரியுமா உனக்கு?" என்றார் மடிப்பக்கா.

"தெரியாதுக்கா."

"இப்ப வந்து மன்னிப்புங்கற."

"மன்னிங்கன்னு கேக்க எனக்கு உரிமை இல்லக்கா. உண்மை எழுத்துல உங்க கையில இருக்கணும். அதுக்குத்தான் வந்தேன்."

மடிப்பக்கா கடிதத்தை வாங்கிக்கொண்டார். கதவு சாத்தப்பட்டது.

அண்ணி ஒரு மாடி இறங்கியதும் படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. எனக்குப் பயமாகிவிட்டது. எல்லாம் பழையபடி ஆகிவிடுமோ, மறுபடியும் தேய்க்க ஆரம்பித்துவிடுவாரோ என்று நினைத்தேன்.

"ரொம்ப வலிக்குதா அண்ணி?"

"வலிக்குதுடி. அந்தப் பொண்ணு படிப்பை நான் திருப்பிக் கொடுக்க முடியுமா?" முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா பயமா இல்ல. அவங்க மன்னிக்கலைன்னாலும் ஆண்டவர் என்னை விட்டுட மாட்டார். பத்தொன்பது வருஷமா கூடவே இருந்த பயம், இப்ப தேடிப் பாக்குறேன், ஆளையே காணோம்!" என்று அழுதுகொண்டே சிரித்தார்.

மேலே கதவு திறந்தது. கைப்பிடிச் சுவருக்கு மேலே மடிப்பக்காவின் தலை தெரிந்தது.

"ஏய்! குடையை இங்கயே வச்சுட்டுப் போற!"

அண்ணி எழுந்து நின்றார். "இருக்கட்டும்கா! அடுத்த சனிக்கிழமை வந்து எடுத்துக்கறேன்!"

மேலே தலை உள்ளே போய்விட்டது என்றுதான் நினைத்தேன்.

"காலையில வராதே. மூட்டு வலி, எழுந்திரிக்க முடியாது. சாயங்காலமா வா."

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அண்ணி இரண்டு கையையும் வீசிக்கொண்டு நனைந்தபடி முன்னால் நடந்தார். அது என் குடை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.