விற்காத ரம்பம்

ஃபிஜித் தீவில், லாமியில், எங்கள் மர மில்லை அப்பா தொடங்கினார். அப்பா போன பிறகு அண்ணன் ரம்பத்தில் நின்றான். என் வீட்டுக்காரர் மர லாரி ஓட்டினார். நான் முன்பக்கக் கொட்டகையில் பலகை விற்றேன். ரம்பத்துக்குப் பக்கத்தில் பெண்கள் வரக்கூடாது என்பது அப்பா போட்ட சட்டம். சேலை மாட்டிக்கொள்ளும் என்பார். நான் சேலை கட்டுவதே கோயிலுக்குப் போகத்தான் என்று சொன்னால் காதில் வாங்கமாட்டார்.

ராணுவம் பார்லிமெண்டுக்குள் புகுந்துவிட்டது என்று ரேடியோவில் சொன்னபோது அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு, முகமெல்லாம் மரத்தூளோடு வந்து என் பக்கத்தில் நின்று கேட்டான். பிறகு மோட்டாரைப் போடவில்லை. அந்த ஆட்சிக் கவிழ்ப்பை எங்கள் ஆட்கள் ‘கூ’ என்றுதான் சொன்னார்கள். கவிழ்த்தது எங்கள் இந்தியர்கள் நிறைய இருந்த அரசாங்கத்தை. அந்த வாரமே வீடு கட்டிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பாதியில் நிறுத்திவிட்டார்கள்.

அப்போது நவுவா ஊருக்கு மேலே, ஆற்றங்கரைக் காட்டில், எங்களுக்காக வெட்டிய மரங்கள் கிடந்தன. கவுவூலா என்ற வெள்ளை மரம். லேசானது, அறுக்கச் சுகமானது. ஆனால் வெட்டிப் போட்டால் சீக்கிரம் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் நீலக்கறை பாய்ந்துவிடும், பூச்சி துளைத்துவிடும். அவற்றை ஏற்றப் போன என் வீட்டுக்காரர் வெறும் லாரியோடு திரும்பி வந்தார்.

“அங்க இருக்கிற ஃபிஜிக் கிராமத்துப் பசங்க ரோட்டுக்குக் குறுக்கே சங்கிலி கட்டியிருக்கானுங்க. நிலம் எங்களது, மரமும் எங்களது, திரும்பிப் போன்னு சொல்றானுங்க.”

எங்கள் வீட்டில் பேச்செல்லாம் இந்திதான். கோபம் வந்தால் மட்டும் அண்ணனுக்குத் தமிழ் வரும். அன்று தமிழில் சொன்னான்.

“போதும்மா. கனடாவுக்கு மனு போட்டுட்டேன். ரம்பத்தை வித்துட்டு எல்லாரும் போயிடலாம்.”

“நீ போ அண்ணே. ரம்பத்தை விக்காதே. நான் ஓட்டறேன்.”

“நீயா? அதுல என்னிக்காவது கை வெச்சிருக்கியா?”

“நீ போறதுக்குள்ள கத்துக்கறேன்.”

அண்ணன் என் வீட்டுக்காரரைப் பார்த்தான். அவர் தோளைக் குலுக்கி, “அவ சொன்னா செய்வா மச்சான்” என்றார்.

அதைத் தைரியம் என்று நான் சொல்லமாட்டேன். எனக்கு வந்தது கோபம். நான் பிறந்ததும் பிள்ளை பெற்றதும் இந்த ஊரில். யாரோ துப்பாக்கியோடு வந்து நின்றால் நான் ஏன் பெட்டி கட்ட வேண்டும்?

மறுநாள், அவர்கள் கரைத்துக் குடிக்கும் நங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு நானும் அவருமாக அந்தக் கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒன்று கேட்கப் போனால் வெறுங்கையோடு போகக்கூடாது. கிராமத்துப் பெரியவர் வேர்க்கட்டை ஏற்றுக்கொண்டு பாயில் உட்காரச் சொன்னார். எங்களுக்கு மரம் வெட்டித் தரும் மேஸ்திரியும் அந்த ஊர்க்காரர்தான். மூலையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். சங்கிலி கட்டிய இளைஞர்களில் ஒருவன் வாசற்படியில் நின்றான். நங்கோனாவைக் கரைத்துச் சிரட்டையில் ஊற்றிச் சுற்றிலும் கொடுத்து முடிக்கும்வரை மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கடைசியில் அந்த இளைஞன்தான் பேசினான். பெண்களை மரியாதையாக மராமா என்றுதான் அவர்கள் கூப்பிடுவார்கள்.

“மராமா, உங்க ஆளுங்க எல்லாம் பிளேன் ஏறிட்டிருக்காங்க. நீயும் மரத்தைக் காசாக்கிட்டுப் போயிடுவே. எங்களுக்கு மிஞ்சறது அடிக்கட்டைதானே?”

அடிக்கட்டை விஷயத்தில் அவன் சொன்னது பொய்யில்லை. எனக்குத் தெரிந்த அரைகுறை ஃபிஜி மொழியில் சொன்னேன்.

“அண்ணன் போறார். நான் போகல. என்னை லாமியில வந்து பாரு.”

“எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க.”

“சரி, நம்பாதே. ஆனா மரம் அங்கேயே கெடந்தா உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. பூச்சிக்குத்தான்.”

மூலையிலிருந்து மேஸ்திரி தலையைத் தூக்கினார். “வெட்டினது நான். பூச்சிக்காக வெட்டல.”

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். பெரியவர் சிரிக்கவில்லை. “எங்க பள்ளிக்கூடத்துக்கு உள்சுவர் கிடையாது. முதல் லோடு பலகை அதுக்கு. கொண்டுவந்து இறக்கு, மிச்சத்தைப் பிறகு பேசலாம்” என்றார்.

லாரியில் ஏறியதும் என் வீட்டுக்காரர் கேட்டார். “முழு லோடுமா?”

“முழு லோடும்.”

அந்த லோடில்தான் நான் ரம்பம் கற்றேன். அவருடைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, தலைமயிரை இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றேன். மரம் பல்லில் பட்டதும் எழுந்த சத்தத்தில் கையை எடுத்துவிட்டேன். “எடுக்காதே! அதோட போ!” என்று அண்ணன் கத்தினான். முதல் பலகை ஒரு முனையில் தடியாகவும் மறுமுனையில் ஓலைபோலவும் வந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த மரத்தை ஏற்றினோம். பள்ளிக்கூடத்துக்குப் போன பலகை எல்லாம் நேராகத்தான் போனது. அதற்குப் பிறகு சங்கிலியை எடுத்தார்கள். மிச்சமிருந்த மரங்களில் பாதி அதற்குள் பூச்சி துளைத்து, ஊசி குத்தினதுபோல் ஆகியிருந்தன.

வீடு கட்ட ஆளில்லாததால் பலகையை வாங்கியவர்கள் ஊரைவிட்டுப் போகிறவர்கள். கப்பலில் சாமான் அனுப்பப் பெட்டி வேண்டும். தையல்காரர் மிஷினைக் கொண்டுவந்து அளவு எடுக்கச் சொன்னார். ஒரு டீச்சரம்மா புத்தகங்களுக்குப் பெட்டி கேட்டுவிட்டு, அது தயாராகும்வரை எங்கள் கொட்டகையில் உட்கார்ந்து அழுதார். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள், வேலை கூடாது என்று ராணுவ ஆட்சியின் புது உத்தரவு வேறு வந்திருந்தது. ஆகவே சனிக்கிழமை இருட்டும்வரை அறுத்தோம். போகிறவர்களுக்குப் பெட்டி செய்துதான் நான் இங்கே நிலைத்தேன். அது எனக்கு உறுத்தியது. ஆனாலும் ஒரு பெட்டியைக்கூட ஏனோதானோ என்று செய்யவில்லை.

அண்ணனின் பெட்டியையும் நானே அறுத்தேன். ஆணி அடிக்கும்போது அவன் பலகையின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தான்.

“நேரா வந்திருக்கு” என்றான். பிறகு, “நீயும் வந்திடேன்” என்றான்.

“பெட்டியைப் பிடி அண்ணே, ஆடுது” என்றேன்.

கனடா போய்ச் சேர்ந்த அண்ணன் வான்கூவரிலிருந்து முதல்முறை பேசியபோது, பெரிய மர மில் ஒன்றில் தூள் பெருக்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னான். இரண்டு பேருமே சிரிக்கத்தான் பார்த்தோம்.

பல வருஷம் கழித்து இன்னொரு கூ வந்தது. இந்த முறை கலவரக்காரர்கள் எங்கள் கொட்டகையை உடைத்து, அடுக்கியிருந்த பலகை, சுத்தியல், ஆணி டப்பா என்று எல்லாவற்றையும் எடுத்துப் போய்விட்டார்கள். ரம்பம் சிமெண்டில் பதித்திருந்ததால் தப்பியது. என் வீட்டுக்காரர் காலி அடுக்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் முதல்முறையாக, “நாமும் போயிடலாமா?” என்று கேட்டார்.

“போகணும்னா நாளைக்கும் போகலாம். பின்பக்கத்துல மூணு மரம் கெடக்கு, தூக்க முடியாம விட்டுட்டாங்க. வாங்க, ஏத்துவோம்” என்றேன்.

அவர் கயிற்றை எடுத்துவந்தார். மோட்டார் சத்தம் கேட்டு முதலில் வந்தவர் தலைநகர் சுவாவில் துணிக்கடை வைத்திருந்தவர். கடையின் கண்ணாடியை உடைத்திருந்தார்கள், மறைக்கப் பலகை வேண்டும் என்றார். அளவு சொல்லுங்கள் என்றேன்.