நீல நூல் கோழிகள்

ஆம்லெட்டுக்கு உடைக்கப்போகிற முட்டையைக் கடைக்காரர் கையிலிருந்து வாங்கி, குண்டு பல்புக்கு நேரே தூக்கி, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு உருட்டிப் பார்க்கிறான் பூவராகன். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் தினமும் நடக்கும் கூத்து. பின்னால் நிற்பவர்கள் ரயிலை நினைத்துப் பல்லைக் கடிக்கிறார்கள்.

"இன்னா சார், உள்ள குஞ்சு கீதா?"

"இருந்தா எங்கிட்ட குடுத்துடுப்பா, லேபுக்கு ஆகும். இல்லாட்டி வெங்காயம் தூக்கலா போடு."

கால்நடை மருத்துவம் முடித்துவிட்டு நுண்ணுயிரியலில் மேற்படிப்பு படிக்கிறான். கோழிகளை வாரிக்கொண்டு போகும் வெள்ளைக்கழிச்சல்தான் ஆராய்ச்சி. அடைமுட்டைக்குள் அந்த வைரஸை வளர்த்து வளர்த்து, எந்த முட்டையைக் கண்டாலும் வெளிச்சத்தில் பார்க்கும் வியாதி அவனுக்கு வந்துவிட்டது. கிழக்குத் தாம்பரத்தில் ஒரே அறையில் இருக்கிறோம். டாக்டரோடு குடியிருப்பதாக என் ஆபீசில் நான் பீற்றிக்கொண்டதுண்டு. மேனேஜர் தன் நாயைக் காட்ட வந்த அன்றோடு அதுவும் போயிற்று. "எனக்கு நாய்னா பயம் சார்" என்று கதவுக்குப் பின்னாலிருந்து பூவராகன் சொன்னான்.

கேளம்பாக்கத்தில் அவன் அப்பா ஜெயவேலுவுக்கு மகனைப் பற்றித் தீராத மனக்குறை. பசு தீனி எடுக்கவில்லை என்று ஆளனுப்பினால், இவன் போய்ச் சாணியைப் புட்டியில் அடைத்து, ரிசல்ட் வர அஞ்சு நாளாகும் என்றிருக்கிறான். சாயங்காலமே பசு தானாக எழுந்து வைக்கோல் தின்றது.

"ஊர்ல எல்லாப் புள்ளையும் மாட்டுக்கு ஊசி போடுது. என் புள்ள சாணிய வாங்கிகினு பஸ் ஏறிட்டான்" என்பார். இதை எனக்கு நடித்துக் காட்டுவதே பூவராகன்தான். "நான் இன்னா டாக்டர் மச்சான்? பேஷண்ட்டு கண்ணுக்குத் தெரியாத வைரஸு, கூட வர்ற அட்டெண்டரு வாயில்லாத கோழி."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மேடவாக்கத்துக்கு சைக்கிள். தோளில் ஐஸ் போட்ட பிளாஸ்க், கேரியரில் கோழி பிடிக்க நான். நான் பிடிக்கப் போனால் கோழிகள் ஓடுவதுகூட இல்லை, நிதானமாக நகர்ந்துகொள்ளும்.

அங்கே கிளியம்மாள் முட்டை விற்றுக் குடும்பம் நடத்துகிறார். அவருடைய கோழிகளில் பாதிக்குக் காலில் பூவராகன் கட்டிய சிவப்பு நூல், பாதிக்கு நீலம். சிவப்புக்குக் கண்ணில் ஒரு சொட்டுத் தடுப்பு மருந்து. நீலத்துக்கு வெறும் உப்புத் தண்ணீர். நோய் வந்தால் எது பிழைக்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க அப்படித்தான் விட வேண்டுமாம். கிளியம்மாளுக்கு இது தெரியாது.

"நீலத்துக்கு வுட்ட மருந்துதான் சார் நல்ல மருந்து. பாரு, எப்டி மினுமினுன்னு கீது" என்பார் அவர். பூவராகன் உடனே தண்ணீர் கேட்பான். செம்பைக் கவிழ்த்துக் குடித்தால் முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

போன வாரம் மேடவாக்கத்திலேயே பக்கத்துத் தெருவில் கோழிகள் வெள்ளைக்கழிச்சல் கண்டு கழுத்து திருகிச் சாகத் தொடங்கின. பூவராகனின் பேராசிரியருக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "அடிச்சுதுய்யா யோகம். இன்னும் கொஞ்ச நாள் கோழிங்களத் தொடாம இரு. தீசிஸ் தானா எழுதிக்கும்" என்றாராம். இரண்டு வருடப் படிப்பு அவனுக்கு மூன்றாவது வருடத்தில் நொண்டிக்கொண்டிருக்கிறது. இதைக் கெடுத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கும் சந்தோஷம்தான்; ஞாயிற்றுக்கிழமை தூங்கலாம்.

ஆனால் இந்த ஞாயிறும் சைக்கிளை எடுத்தான். பிளாஸ்க் கனமாக இருந்தது.

"போன மாசந்தான் வுட்டுட்டுப் போன? மறுபடியும் எதுக்கு சார்?" என்றார் கிளியம்மாள்.

"நீல நூலுக்கு மட்டும் இன்னொரு டோஸ் கீதும்மா. நான்தான் மறந்துட்டேன்."

"படிச்ச புள்ள, இப்டியா மறப்ப?"

"அதான் இன்னும் படிச்சிகினே கீறேன்."

நான் நீல நூல் கோழிகளாகப் பார்த்துப் பிடித்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றின் தலையையும் சாய்த்து, கண்ணில் தடுப்பு மருந்து ஒரு சொட்டு விட்டு, அது கண்ணை மூடித் திறக்கும்வரை பிடித்திருந்தான். பிறகு அதன் காலிலிருந்த நீல நூலைக் கத்தரித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கோழியைக் கீழே விட்டான்.