ஓடிவிடுவாள் என்றுதான் நினைத்தான்

வடகிழக்குச் சீனாவின் ஹெய்லோங்ஜியாங் பண்ணைகளில் மருந்தடிக்கும் விமானம் ஓட்டிய கோங் தெலினுக்கு வாய் அதிகம். கோடை முழுக்க சோயா வயல்களை உரசுகிற மாதிரி தாழப் பறப்பான். சாயங்காலமானால் சோளச் சாராயத்தோடு உட்கார்ந்து, கீழே கொடி பிடித்தவர்களை ஒவ்வொருவராக நக்கலடிப்பான். அவனைப் போல நேர்கோட்டில் பறக்க அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. அந்தப் பெருமை அவன் தலைக்கு நன்றாகவே ஏறியிருந்தது.

விமானத்துக்குக் கோடு காட்ட, வயலின் இரு கோடியிலும் ஆளுக்கொரு சிவப்புக் கொடியோடு நிற்பார்கள். தலைக்கு மேல் விமானம் கடக்கும்வரை அசையக் கூடாது. மருந்து மேலே கொட்டினாலும் நிற்க வேண்டியதுதான். டிராக்டர் ஓட்டும் லுவானின் மனைவி யூஃபென் போன வருஷம் பயந்து, கொடியைப் போட்டுவிட்டு ஓடினாள். கோடு தவறி, மருந்து விழாத ஒரு பட்டைப் பயிரை முழுக்கப் பூச்சி தின்றுவிட்டது. கோங் சும்மா விடவில்லை. பண்ணைக் கூட்டத்தில் அவளை மேடையேற வைத்தான்.

“நான் என்ன பேயா, உன்னைத் தூக்கிட்டுப் போக?” என்றான்.

சபை சிரித்தது. “வீட்டுல எலியைப் பாத்தாலும் இதே ஓட்டம்தான்!” என்று லுவானும் சேர்ந்துகொண்டான். யூஃபென் தலையைக் குனிந்தபடி மன்னிப்புக் கேட்டாள்.

இந்தக் கோடையில், ஒரு கோட்டை முடித்து மேலேறித் திரும்பும்போது எஞ்சின் இருமியது. பிறகு நின்றே போனது. எதிரே பாப்லர் மரங்கள். இடது பக்கம் நெற்களம்போல் பரந்த சிமெண்டுத் தரை.

“அண்ணே, களத்துல இறக்கிடலாம்!” என்றான் துணை ஓட்டி மெங்.

“கண்ணு அவிஞ்சு போச்சா? புள்ளைங்க கோதுமை காயவைக்குது பாரு!”

மிச்சமிருந்தது இரண்டே இடம். ஒன்று வடிகால் பள்ளம். அங்கே இறங்கினால் விமானம் நொறுங்கும், இவர்கள் கால் எலும்பும் மிஞ்சாது. இன்னொன்று சோயா வயல். மெத்தென்ற மண். ஆனால் அதன் கோடியில் யூஃபென்.

“அண்ணே, ஆள் நிக்குது!”

“அவளா? எலிக்கே ஓடுறவ. ஓடிடுவா, நீ பொத்திக்கிட்டு இரு.”

சக்கரங்கள் சோயாவில் புதைந்தன. அதற்கப்புறம் விமானத்தைத் திருப்ப வழியில்லை. அவள் கொடியை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு இவர்களையே பார்த்தாள். மெங் ஜன்னல் வழியே தொண்டை கிழியக் கத்தினான். அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள், நகரவில்லை. இரட்டை அடுக்கு இறக்கையில் கீழ் இறக்கை அவளை அடித்துச் சாய்த்தது.

பண்ணைத் தலைவர் ஃபான் வந்ததும் முதலில் இறக்கையைத்தான் தடவிப் பார்த்தார். பிறகுதான் அவள் உடலை மூடத் தார்ப்பாய் கொண்டுவரச் சொன்னார். மண்ணில் புதைந்த விமானத்தை இழுக்க அக்கம்பக்கத்தில் இருந்தது லுவானின் டிராக்டர் ஒன்றுதான். விஷயம் தெரிந்துதான் வந்தான். தார்ப்பாய்ப் பக்கம் திரும்பாமல் கயிற்றைக் கட்டினான். விமானத்தை இழுத்து மேட்டில் நிறுத்திய பிறகு கோங்கிடம் வந்தான்.

“ஓடினாளா?”

“இல்ல.”

“ஒரு அடிகூட?”

“ஒரு அடிகூட நகரல.”

லுவான் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அதைக் கூட்டத்துல சொல்லு. அன்னிக்கு எல்லாரும் சிரிச்சீங்கல்ல, நானும் சிரிச்சேன். அந்த மேடையில ஏறிச் சொல்லு.”

கூட்டம் நடந்தது. விமானத்தைக் காப்பாற்றியதற்காக கோங்கின் சட்டையில் சிவப்புக் காகிதப் பூவைக் குத்தினார்கள். தன் காலைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவள் பக்கம் இறக்கினேன், ஓடிவிடுவாள் என்று நம்பினேன் என்று சொல்லிவிடத்தான் அவன் எழுந்தான். முதல் வரிசையில் லுவான் துவைத்த சட்டையோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான்.

“அவ ஒரு அடிகூட நகரல,” என்றான் கோங்.

கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. லுவான் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

“கேட்டீங்கல்ல? இனிமே கொடி பிடிக்கிறவங்க எல்லாரும் யூஃபென் மாதிரி நிக்கணும். எது வந்தாலும் சரி!” என்றார் ஃபான்.

புதிதாகக் கொடி பிடிக்க வந்திருந்த பெண்கள் நிற்போம் என்று தலையாட்டினார்கள். வேண்டாம், ஓடுங்கள் என்று கத்த கோங்குக்கு நாக்கு வரை வந்தது. எல்லோரும் மறுபடி கை தட்டினார்கள். அவனும் தட்டினான்.