பாசிப் போத்தலும் நானும்

கோலாலம்பூரில் தண்ணீர் சோதிக்கும் கூடத்தில் வேலை என்றால் கௌரவம்தான், குட்டை குட்டையாக இறங்கிப் பாசியைப் போத்தலில் அடைப்பதுதான் அந்த வேலை என்று தெரியும்வரை. துரைமாரிடம் வேலை பார்த்த உங்களுக்கு மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை.

செத்த மாடு

கிள்ளானில் பால்காரர் மாணிக்கத்தின் குட்டையில் நீலப்பச்சைப் பாசி சாயம் கொட்டியதுபோல் மிதந்தது. மூன்று நாள் போய் அள்ளி வந்தேன். பூதக்கண்ணாடியில் மணி கோத்த நூல் மாதிரி தெரிந்தது. "இதில் விஷம் இருக்கலாம், மாடு குடிக்கக்கூடாது" என்றார் எங்கள் கூடத்துத் துரை. ஓடிப்போய்ச் சொன்னேன். "பச்சையா இருந்தா மாட்டுக்கு நல்லதுதானே, தம்பி" என்று சிரித்தார் மாணிக்கம்.

மறுநாள் அவருடைய நல்ல கறவை மாடு கால் உதறிச் செத்தது. மனிதர் தேம்பி அழுதார். பிறகு, பக்கத்துக் கொட்டகை முனியன்தான் விஷம் வைத்தான் என்று போலீசுக்குக் கிளம்பினார். நான் குறுக்கே நின்று பாசியைக் காட்டினேன். மாணிக்கம் முனியனை விட்டார், என்னைப் பிடித்தார்.

"மூணு நாளா போத்தலோட குட்டையச் சுத்துனது யாரு? நீதானே?"

சுத்தமான தொட்டி

டெங்கில் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். அங்கே குடிதண்ணீரை வடிகட்டும் மணல்தொட்டியின் மேல் வழுவழுப்பாக ஒரு படலம் இருக்கும். நூல்பாசியும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளும் சேர்ந்து வாழ்ந்து, அழுக்கைத் தின்று, தண்ணீரைத் தெளியவைக்கும். ஒரேயடியாகச் சுரண்டாதீர்கள் என்று தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியிடம் சொல்லியிருந்தேன்.

தோட்டத்துப் பெரிய துரை பார்வையிட வரும் நாளில் கிராணி எல்லாத் தொட்டிகளையும் சுரண்டவைத்துப் பளபளப்பாக்கிவிட்டார். துரை பாராட்டிவிட்டுப் போனார். அந்த வாரமே கூலியாட்கள் குடியிருந்த லயத்தில் பாதிப்பேர் வயிற்றுப்போக்கில் சுருண்டார்கள். கேட்கப் போனேன். கிராணி சாவகாசமாகச் சொன்னார்:

"வயிறு கெட்டா மருந்து இருக்கு, ஐயா. துரை மூஞ்சி கெட்டா என்ன மருந்து?"

கண்ணாடி இல்லாத அப்பா

சுங்கை வேயில் ஒரு சீனத் தோட்டக்காரர், குளத்தில் மிதக்கும் பெரணியை அள்ளிக் கீரைப்பாத்தியில் புதைப்பார். அந்த இலைக்குள்ளே நூல்பாசி குடியிருக்கிறது, காற்றிலிருந்து சத்து எடுத்துப் பெரணிக்குக் கொடுக்கிறது என்று எங்கள் துரை மூன்று மாதம் பூதக்கண்ணாடியோடு உட்கார்ந்து எழுதினார். அந்தச் சேதியைக் கடைத்தெருப் பேச்சான பாசார் மலாயில் தோட்டக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் மண்வெட்டியை நிறுத்தவேயில்லை.

"எங்க அப்பாகிட்ட கண்ணாடி இல்ல. அதான் சீக்கிரம் கண்டுபிடிச்சிட்டாரு."

எட்டு வருஷம் பாசி அள்ளியதில் பெயர் துரைக்குப் போனது, எனக்கு ஒட்டியது சேற்றுப்புண்.