ரப்பர் இருந்த இடத்தில் எஃகு

எங்கள் குடும்பத்தில் கார் ஓட்டிய முதல் பெண் நான். குடும்பத்தில் மட்டுமா, மயிலத்துக்குப் பக்கத்தில் மாமனாருடைய ஊரிலேயே நான்தான். என் கணவருக்குத் திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, வியாபாரம். எனக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போய்வந்து அலுத்த பிறகு ஒரு சின்னக் கார் வாங்கினோம். கணவருக்கு டூவீலரைத் தாண்டி ஆர்வம் கிடையாது. ஆகவே சாவி என்னிடமே தங்கிவிட்டது.

மாமனாருக்கு அதில் பெரிய பெருமை. டாக்டரிடம் போவதானாலும், திருவக்கரைக் கோயிலுக்குப் பௌர்ணமிக்குப் போவதானாலும் எனக்குத்தான் போன் வரும். டீக்கடையில் உட்கார்ந்து, பெரிய மருமகள் லாரிக்காரனுக்கே வழிவிடாமல் வந்தாள் என்று கதை விடுவார். நான் அப்படி ஓட்டுகிறவள் இல்லை. ஆனாலும் நான் மறுத்ததில்லை.

அப்புறம் கொழுந்தனாருக்குக் கல்யாணம் ஆனது. பெண் கோயம்புத்தூர். வண்டிகளைப் பற்றிய படிப்பு படித்தவள், காலேஜில் படிக்கும்போதே கார் பந்தயங்களில் ஓட்டியவள். விழுப்புரத்தில் குடித்தனம் வைத்தார்கள். என் கார் நன்றாக உழைக்கிறது என்று சொல்லி, அதே கம்பெனியின் அதே காரைக் கொழுந்தனாரும் வாங்கினார். நிறம் மட்டும் வேறு.

முதல் பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடியிருந்தபோது மாமனாரை அவள் மயிலம் கோயிலுக்கு அழைத்துப் போனாள். திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்று, "வளைவுல திரும்பனதே தெர்லடா. தண்ணி போற மாதிரி போவுது" என்று என் கணவரிடம் சொன்னார். நான் கரும்பை உடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்துச் சொல்லியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குப் பிறகு டாக்டரிடம் போக வேண்டுமென்றால் அவளுக்குப் போன் போனது. விழுப்புரத்திலிருந்து அவள் வந்து கூட்டிப் போய், மறுபடியும் கொண்டுவந்து விட வேண்டும். நானோ வேலை முடிந்து அந்த வழியாகத்தான் தினமும் வீட்டுக்குப் போகிறேன். இருந்தும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். அவள் என்னிடம் மரியாதையாகத்தான் நடந்துகொண்டாள். அக்கா என்று வாய் நிறையக் கூப்பிடுவாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் திமிராக இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

சித்திரையில் ஒரு நாள் அவளுடைய காரை நான் ஓட்ட நேர்ந்தது. என் கார் சர்வீசுக்குப் போயிருந்தது, அவளே சாவியைக் கொடுத்தாள். விழுப்புரத்தைத் தாண்டுவதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது, இது என் கார் இல்லை. ஸ்டீயரிங்கில் விரல் அசைந்தால் முன்சக்கரம் அசைந்தது. என் காரில் கை திருப்பிய பிறகு வண்டி ஒரு கணம் யோசிக்கும். இதில் யோசனையே இல்லை. கூட்டேரிப்பட்டில் மயிலத்துக்குத் திரும்பும் இடத்தில் வேண்டுமென்றே கொஞ்சம் வேகமாகத் திருப்பினேன். கோடு போட்ட மாதிரி திரும்பியது. மாமனார் சொன்ன தண்ணீர் அதுதான்.

சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போது, என்ன செய்தாய் என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டேன். சக்கரத்தைத் தாங்கும் கை போன்ற இரும்பு, வண்டியோடு சேரும் இடத்தில் ஒரு ரப்பர் புஷ் இருக்கும். ரப்பர் நசுங்கிக் கொடுப்பதால்தான் கார் தாமதமாகத் திரும்புகிறது. அதை எடுத்துவிட்டு, பந்தயக் காரில் போடுகிற ராட் எண்டைப் போட்டிருக்கிறேன் என்றாள். ஒரு வளையத்துக்குள் எஃகுக் குண்டு, அவ்வளவுதான். நசுங்குவதற்கு அதில் எதுவும் இல்லை.

அவள் மேலும் ஏதோ சொல்ல வந்தாள். நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

லீவு போட்டுவிட்டு, அவளுக்கு அதைப் பொருத்திக் கொடுத்த புதுச்சேரி ஒர்க்‌ஷாப்பைத் தேடிப் போனேன். கணவரிடம் சொல்லவில்லை. ஒர்க்‌ஷாப் முதலாளி, தினமும் ரோட்டில் போகிற வண்டிக்கு இது எதற்கு, சத்தம் வரும், உடம்பை உலுக்கும் என்றார். என் ஓரகத்தி காருக்குப் போட்டீர்களே என்றேன்.

"அவங்க ரேஸ் போறவங்க மேடம்" என்றார்.

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. போடுங்கள் என்று சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச காலம் சொர்க்கம். காலையில் திண்டிவனத்தை விட்டுக் கிளம்பும்போதே உடம்பு நிமிர்ந்துகொள்ளும். ரோட்டில் கிடக்கும் சின்னக் கல்கூட உள்ளங்கைக்குத் தெரிந்தது. பிறகு அதுவே தொல்லையானது. பாலங்களின் இணைப்பு ஒவ்வொன்றும் முழங்கை வரை ஏறியது. கண்ணாடி அதிர்ந்தது. அப்புறம் மழைக்காலம் வந்தது. சேறும் மணலும் அந்தக் குண்டுக்குள் புகுந்துகொண்டன. கார்த்திகைக்குள் டக், டக் என்று ஒரு சத்தம், பள்ளத்திலும் மேட்டிலும். ஒரு நாள் பின்சீட்டில் ஏறிய கணவர், "இன்னாது இது, கட்ட வண்டி மாதிரி பேஜாரு பண்ணுது?" என்றார். ஷாக் அப்சார்பர் பழசாகிவிட்டது என்றேன்.

சத்தத்தைவிட வேறொன்றுதான் என்னைத் தின்றது. சின்னவள் கார் சத்தமே போடவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் ஒரு நாள் வந்து நின்றாள். வேகத்தடையில் ஏறி இறங்கியதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பூனை மாதிரி வந்தது. அதே ஒர்க்‌ஷாப், அதே சாமான். என் கையில் மட்டும் ஏன் இப்படி ஆகிறது என்று அன்று முழுக்க வேலையே ஓடவில்லை.

அந்த மாதமே மாமனார் கழனி வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டு, எங்கள் ஆஸ்பத்திரியில்தான் படுத்திருந்தார். வீட்டுக்கு அனுப்புகிற நாளில் சின்னவளும் கொழுந்தனாரும் ஒரு கல்யாணத்துக்காகக் கோயம்புத்தூர் போயிருந்தார்கள். எனக்குள் ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்கத் தெரியாமல், கேண்டீனில் அவருக்கு ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தேன். முன்சீட்டைச் சாய்த்து, தலையணை வைத்து உட்காரவைத்தேன்.

ரயில்வே மேம்பாலத்தில் முதல் இணைப்பு வந்ததுமே அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். நான் வேகத்தைக் குறைத்தேன். குறைத்தாலும் டக் என்றது. ஒவ்வொரு அதிர்வுக்கும் அவர் பல்லைக் கடிப்பது காதில் விழுந்தது. நடுவில் ஏதேதோ பேசிப் பார்த்தேன். அவர் கைப்பிடியை விடவில்லை. விக்கிரவாண்டி வந்ததும் என் கையைத் தொட்டார்.

"ஓரமா நிறுத்தும்மா. நான் பஸ்ல போய்க்கிறேன்."

"இன்னும் கொஞ்ச தூரம்தான் மாமா. மெதுவா போறேன்."

"நீ நல்லாத்தாம்மா ஓட்டற. இடுப்பு தாங்கல."

கதவைத் திறந்து, ரோட்டோரக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். திண்டிவனம் போகிற பஸ் ஒன்று வந்தது. கண்டக்டரே கை கொடுத்து ஏற்றிக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து வருகிற மாமனாரைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வெறும் காரை ஓட்டிக்கொண்டு போனேன். கூட்டேரிப்பட்டில் இறங்கி ஷேர் ஆட்டோவில் ஏறினார். அதன் பின்னாலும் போனேன். ஊருக்குள் நுழையும்போது எல்லாரும் முதலில் ஆட்டோவைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள். மாமியார் மட்டும், "ஏம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

சின்னவள் ஊரிலிருந்து வந்ததும் அவள் வீட்டுக்குப் போனேன். விஷயம் அவள் காதுக்கு வந்திருந்தது. என் காரை எடுத்துத் தெருமுனை வரை ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, இறங்காமலேயே கேட்டாள்.

"ராட் எண்ட் போட்டிருக்கீங்களாக்கா?"

"உன் வண்டியில இருக்கறதுதான். உன்னுது மட்டும் எப்படி சத்தம் போடாம ஓடுது?"

"என்னுதுல அது இல்லீங்க்கா. வைகாசியிலயே கழட்டிட்டனுங்க."

தினமும் ஓட்டினால் தாங்காது, உங்கள் கொழுந்தனாரும் உடம்பு வலிக்கிறது என்றார், அதனால் ரப்பரையே திரும்பப் போட்டுவிட்டேன் என்றாள். பந்தயத்துக்குப் போகும்போது மட்டும் எஃகு. வந்ததும் மறுபடியும் ரப்பர். நான் சாவியைத் திருப்பிக் கொடுத்த அன்று அவள் சொல்ல வந்ததும், தினமும் ஓட்ட அது ஆகாது என்பதைத்தான். ஆடி, ஆவணி, ஐப்பசி என்று அத்தனை மாதமும் அவளிடம் இல்லாத ஒன்றைப் பார்த்து நான் வெந்துகொண்டிருந்திருக்கிறேன். அப்படியானால் பூனை மாதிரி வந்த கார், நான் கழற்றிப் போட்ட அதே ரப்பரில் வந்த கார்.

"சொல்லியிருக்கலாமே நீ."

"நீங்க போட்டதே தெரியாதுங்களே."

காபி குடித்துவிட்டு வந்தேன். அந்த வாரமே என் காருக்குப் புது ரப்பர் புஷ் போட்டாயிற்று. அடுத்த முறை டாக்டரிடம் மாமனார் என் காரில்தான் வந்தார், பேச்சுக்கூட இல்லாமல் தூங்கிக்கொண்டு.

இதோடு எனக்குப் பொறாமை தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. மாசி மாதம் சென்னைப் பக்கம் ஒரு திடலில் அவளுக்குப் பந்தயம் இருந்தது, என்னையும் கூப்பிட்டாள். முந்தின நாள் மாலை வாசலில் காரை ஜாக்கியில் தூக்கி, அவளே எஃகுக் குண்டுகளைப் பொருத்தினாள். ஒவ்வொன்றையும் பெட்ரோலில் கழுவி, விரலால் உருட்டி, காதருகே வைத்துப் பார்த்தாள். திடலில் வழி குறித்து வைத்த பிளாஸ்டிக் கூம்புகளுக்கு நடுவே புழுதி பறக்க அவள் வளைந்து போனதைக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். பெண்கள் பிரிவில் நேரக் கணக்கில் இரண்டாவதாக வந்தாள். முதலாவதாக வரவில்லை என்று எனக்குள் ஒரு சின்ன நிம்மதி. அடுத்த நொடியே, அவளை முந்தியவள் மேல் கோபம்.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு, சும்மா ஒரு சுற்று போகிறீர்களா என்று ஹெல்மெட்டை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன், கை வாங்கிக்கொண்டது. இரண்டு கூம்புகளைத் தட்டிவிட்டேன். இறங்கியதும் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள். அதை வாங்குவதற்கு முன்பே, என்னுடைய நேரம் எவ்வளவு, அவளுடையது எவ்வளவு என்று கேட்டேன்.