கரையில் ஒரு வேகராயன், நடுவில் ஒரு வேகராயன்

முகம் ஒன்றாகவே இருக்க, குணத்தை மட்டும் மாதத்துக்கு ஒருவர் எழுதினால், அந்த ஆள் யார்? ஆரணியில் பட்டுப்புடவைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்த பரசுராமனை இந்தக் கேள்வி தொண்ணூறுகளின் நடுவில் பிடித்துக்கொண்டது.

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் தனக்கோடி, மிஞ்சிய தாளில் ஒரு சிறுவர் மாத இதழ் நடத்தினார். முகமூடி போட்டுப் பறந்து வந்து ஊரைக் காப்பாற்றும் வேகராயனை அதில் உருவாக்கி வரைந்தவர் பரசுராமன். பெரிய ஓவியர் என்று சொல்ல முடியாது. வேகராயனின் விரல்கள் கடைசிவரை வாழைப்பழம்போலவே இருந்தன. கதை எழுத அவருக்கு வராது. ஒரு மாதம் தனக்கோடி எழுதுவார். வேகராயன் அடித்துவிட்டுத்தான் பெயரே கேட்பான். மறுமாதம் டைப்ரைட்டிங் டீச்சர் தேவகி எழுதுவார். அதே வேகராயன் மொட்டைமாடியில் நின்று, குதிக்கலாமா வேண்டாமா என்று தனக்குத்தானே பேசிச் சிரிப்பான். தான் பெற்ற பிள்ளை அடுத்த வீட்டில் வளர்வதுபோல் பரசுராமனுக்கு உள்ளுக்குள் ஒரு குறை. என்றாவது அவனைத் தானே பேசவைக்க வேண்டும்.

ஒரு தீபாவளி மலருக்கு இருவருமே கதை கொடுத்துவிட்டார்கள். புடவை வேலையில் கரைக்கான டிசைன் ஒருவரிடமிருந்தும் உடலுக்கான டிசைன் இன்னொருவரிடமிருந்தும் வரும். இரண்டையும் ஒரே கட்டத்தாளில் இணைப்பதுதான் பரசுராமனின் அன்றாட வேலை. இதையும் அப்படியே இணைத்தார். பக்கத்தின் ஓரமெல்லாம் வேகராயன் திருடர்களைப் புரட்டி எடுத்தான். நடுவில் அதே வேகராயன் தெருநாய்க்குப் பயந்து மரத்தின்மேல் உட்கார்ந்திருந்தான்.

அவசரத்தில் அச்சேறிய பிறகுதான் தனக்கோடி பார்த்தார்.

“யோவ் பரசு, இன்னாய்யா இது? என் ஆளு அடிச்சிகினு இருக்கான், நடுவுல ஒருத்தன் நாய்க்கு நடுங்கிகினு இருக்கான்!”

“பார்டரு ஒண்ணு, உடம்பு ஒண்ணுன்னு நெனச்சேங்க.”

தேவகிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “விடுங்க சார். உங்காளு ஓரத்துலயே சுத்திகினு இருக்கட்டும். நடுவீடு எங்காளுக்கு.”

மலர் விற்றுத் தீர்ந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், உள்ளே பயம் இருப்பதால்தான் வெளியே அடிக்கிறான் என்று ஒரு கட்சி. அடித்த களைப்பில் மரமேறிவிட்டான் என்று மறுகட்சி. பரசுராமன் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

தனக்கோடி இறங்கி வந்தார். “பேஜாரே வேணாம்யா. அடுத்த மாசம் நீயே எழுது. உன் ஆளு, உன் இஷ்டம்.”

“எழுதுங்கண்ணா, நாங்க கை வைக்க மாட்டோம்” என்றார் தேவகியும்.

பரசுராமன் சொன்ன நாளுக்கு முன்பே பக்கங்களைக் கொண்டுவந்து கொடுத்தார். எல்லாவற்றிலும் வேகராயன் முகமூடியைக் கழற்றித் தலைமாட்டில் வைத்துவிட்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான். ஒரு வசனமும் இல்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். “மெதுவா பேசுங்க, புள்ள இப்பத்தான் வூட்டுக்கு வந்து தூங்குறான்” என்பார்.